முழுங்கு பேராண்டி, முழுங்கு!

ஏலே பேராண்டி, தலைமாட்டுல ரெண்டு டப்பா வச்சிருக்கியே! ஒண்ணுல வைட்டமின் சி, இன்னொண்ணுல ஈ. நல்லா முழுங்கு. மருந்துக்கடைக்காரன் மாடி எடுக்க வேண்டாமா?

ஓடினா உடம்புக்குள்ள ஃப்ரீ ராடிக்கல்னு ஒண்ணு கெளம்பி சதையைக் கெடுக்கும், மாத்திரை அதை அடக்கிரும்னு சொன்னானாக்கும். கெளம்புறது நெசம். அதை எதுக்குலே அடக்கணும்? நாய் குரைச்சாத்தான வீட்டுக்காரன் முழிப்பான்? அந்தச் சவம் போடுற சத்தத்துலதான் சதை முழிச்சு, தனக்குள்ள சக்தி உண்டாக்குற மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குது. நீ என்னடான்னா நாய்க்கு வாய்ப்பூட்டு போடுத.

தாத்தா கதை விடுதான்னு பாக்கியா? உன் தங்கச்சிதான் வாசிச்சுச் சொன்னா. ஸ்பெயின்ல, வலென்சியாவுல எலிகளுக்கு ஓட்டம் பழக்கியிருக்காவ. 2008-ல வந்த ஆராய்ச்சி. சும்மா ஓடின எலிக்குத் தாக்குப்பிடிக்கிற பலம் 187 சதவீதம் கிட்ட ஏறிச்சாம். சி தின்னுட்டு ஓடின எலிக்கு 27-ஐத் தொடல.

எலி கெடக்கட்டும், மனுசனுக்கு வா. நார்வேக்காரன் 54 பேரை 11 வாரம் பழக்கி 2014-ல எழுதியிருக்கான். பாதிப் பேருக்குத் தினம் 1000 மி.கி. சி, 235 மி.கி. ஈ, மீதிப் பேருக்குச் சத்தில்லாத வெத்து மாத்திரை. ஓட்டம் ரெண்டு கோஷ்டிக்கும் ஒண்ணுபோலத்தான் கூடிச்சு. சதையைத் துளி எடுத்துப் பாத்தா, மைட்டோகாண்ட்ரியா பெருகின அடையாளம் வெத்து மாத்திரைக்காரன்கிட்ட மட்டும் இருந்திச்சாம்! நீ துட்டுக் குடுத்து வாங்குறது என்னன்னு இப்பம் வெளங்குதா?

சளி பிடிக்காதுங்கியா? மாரத்தான் ஓடுறவன், பனியில சறுக்குறவனுக்கெல்லாம் வைட்டமின் சி சளியைப் பாதியாக் குறைச்சது உண்டுதான், ஒத்துக்கிடுதேன். நீ மாரத்தானா ஓடுத? நானூறு மீட்டருக்கே நாக்கு வெளிய தள்ளுது!

உனக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சி 80 மி.கி. தோட்டத்துல அணில் கடிக்காத கொய்யா ஒண்ணு பறிச்சுத் தின்னாப் போதும். நீ 1000 முழுங்கினா, மிச்சத்துல பெரும்பங்கு வேலியோரம் ஒதுங்கும்போது போயிரும். வேலிக்கு என்னத்துக்குலே வைட்டமின்?

துட்டுக் குடுத்து வாங்குனதை எறிய மனசு வரலியா? அடுத்த மாசம் உன்கூட ஓடப்போறானே பக்கத்து ஊர்ப் பய, அவனுக்கு அன்பளிப்பாக் குடு. தினமும் மறக்காம முழுங்கச் சொல்லு. உன்னைப் போல நல்லவன் உண்டாம்பான்!