வெஸ்ட் வின்ட்சர் பேஸ்மென்ட்களில் ஓவர்கிளாக் செய்தலும் குளிர்காய்தலும்: ஓர் ஆராய்ச்சி

நியூ ஜெர்ஸி மாகாணத்தில், பிரின்ஸ்டன் என்னும் பெயரைச் சுமக்கும் ரயில் சந்திப்பையும் ஆராய்ச்சிசாலையையும் தன் மண்ணிலே வைத்துக்கொண்டு, புகழை மட்டும் பக்கத்து ஊருக்குத் தத்தம் செய்துவிட்ட வெஸ்ட் வின்ட்சரிலே, நம்மவர் வசிக்கும் வீடுகளின் பேஸ்மென்ட்களில், ஐப்பசி பிறந்தது முதல் பங்குனி கழியும்வரை, உதிரி உறுப்புகளை வாங்கிக் கணினி பூட்டுவதும், பூட்டிய கணினியை அதன் கர்த்தா விதித்த வேகத்துக்கு மேல் விரட்டுவதுமாகிய ஒரு கைங்கரியம் இடையறாது நடந்து வருகிறது. வேகமே இதன் நோக்கம் என்று செய்பவர்கள் சாதிக்கிறார்கள். அது மெய்யன்று என்பதும், குளிர்காய்தலே இதன் பரம பிரயோஜனம் என்பதும் இவ்வாராய்ச்சியின் துணிபு.

முதலில் பூர்வ சரித்திரம். ஆர்.சி.ஏ. கம்பெனியார் 1942-இல் இவ்வூர் எல்லைக்குள் நிறுவிய ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ஜோசப் வைஸ்பெக்கர் என்ற பொறியியலாளர் வகுத்த அமைப்பைத் தழுவி, 1802 என்னும் பிராசஸர் 1976-இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்துப் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ சஞ்சிகையில், ஏறக்குறைய எண்பது டாலர் செலவில் எவரும் தம் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளத்தக்க ‘எல்ஃப்’ என்ற கணினியின் செய்முறையை அவரே எழுதினார். 256 பைட் நினைவகமும், ஒவ்வோர் எண்ணாக உள்ளே செலுத்துவதற்கு எட்டு சுவிட்சுகளும் அதன் ஐசுவரியம். அந்த 1802-ஐ 5 வோல்ட்டில் 3.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 10 வோல்ட்டில் 6.4 வரையிலும் ஓட்டலாம். கடிகாரத் துடிப்பை அடியோடு நிறுத்திவிட்டாலும் விட்ட இடத்தை மறவாமல் நின்று, துடிப்பு மீண்டதும் அங்கிருந்தே தொடரும். இத்தனை குணங்களிருந்தும் அது சூடாவதில்லை. ஆகவே வெஸ்ட் வின்ட்சரில் அதற்கு உத்தியோகம் கிடைக்காமற்போய், 1989-இல் கலிலியோ விண்கலத்திலேறி வியாழனுக்குப் பிரயாணம் புறப்பட்டது. விண்கலக்காரர்கள் வேறு காரணம் சொல்வார்கள். அவர்களுக்கு நம் ஊர்க் குளிர் தெரியாது.

இனி நிரூபணம். பிராசஸர் உண்ணும் மின்சக்தியானது, கடிகார வேகத்தோடு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தோடு இருமடி விகிதத்திலும் ஏறும் என்பது எல்லோரும் ஒப்பிய விதி. வேகத்தை நூற்றுக்கு 20 கூட்ட விரும்பி, அது தள்ளாடாமலிருக்கும் பொருட்டு மின்னழுத்தத்தையும் நூற்றுக்கு 20 கூட்டிய ஒருவருடைய கணக்கைப் பார்த்தால், 1.2-ஐ 1.44-ஆல் பெருக்க 1.728 ஆகிறது, அதாவது வேகத்தில் இருபது பங்கு சம்பாதித்தவர் வெப்பத்தில் ஏறத்தாழ எழுபத்து மூன்று பங்கு சம்பாதித்திருக்கிறார். ஒரு தொழிலில் இருபது விளைவதும் எழுபத்து மூன்று விளைவதும் இருக்குமாயின், இவற்றுள் எது மகசூல், எது வைக்கோல் என்பதைத் தஞ்சாவூர்க்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். 1998-இல் வெளியான செலரான் 300ஏ என்ற பிராசஸரை, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸிலிருந்து 100-க்கு மாற்றிய மாத்திரத்தில், 300 என்று விலைக்கு வாங்கியது 450-இல் ஓடிற்று. பலருக்கு மின்னழுத்தத்தைத் தொடவேண்டிய அவசியமே நேரவில்லை. அவர்களும் குளிர்காயத்தான் செய்தார்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரண்டாயிரமாண்டுப் பிழையைத் திருத்துவதற்காக நம்மவர் கூட்டங்கூட்டமாக வந்திறங்கிய அந்நாளிலே, அவர்களிற் பலர் வாடகைக்குள் வெப்பமும் வெந்நீரும் அடங்கிய அபார்ட்மென்ட்களிலே குடியிருந்தார்கள். வெப்பம் இனாமாகக் கிடைத்தவன் வேகத்தை விரும்பினான் என்பது நம் கொள்கைக்கு அரணேயன்றி ஊறு அன்று.

மற்றோர் ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. 500 வாட் உண்ணும் கணினி மணிக்குச் சுமார் 1,700 பி.டி.யூ. வெப்பமே தரும், அதே பேஸ்மென்ட்டில் பத்தடி தள்ளி நிற்கும் கேஸ் ஃபர்னஸோ 80,000 தரவல்லது, ஐம்பதில் ஒரு பங்குக்காக, கேஸைக் காட்டிலும் விலையேறிய மின்சாரத்தை எரிப்பானேன்? விடை இது. ஃபர்னஸ் வீடு முழுமைக்கும் பொது. அதன் அனுக்கிரகம் குழாய் வழியே மாடிக்குச் சென்றபின் மிச்சமே கீழே தங்குகிறது. கணினியின் காற்றோ மேஜைக்கடியிலே, உரியவருடைய முழங்காலை மட்டும் உத்தேசித்து வீசுகிறது. மேலும், ஐம்பது டாலருக்கு ஒரு ஹீட்டர் வாங்க வேண்டுமென்றால் வீட்டில் விவாதம் மூளும். இரண்டாயிரம் டாலர்க் கணினியைக் “குழந்தைகள் படிப்புக்கு” என்று சொல்லி வாங்கிவிடலாம்.

வெப்ப அளவைப்பற்றி ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் விழித்திருக்கும் வேளைக்கு 68 முதல் 70 டிகிரி ஃபாரன்ஹீட் போதும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் உபதேசம். நம் குடும்பத் தலைவர்கள் இதிலுள்ள 70-ஐ இடைச்செருகலென்று தள்ளி, தெர்மோஸ்டாட்டை 68-இலேயே பிரதிஷ்டை செய்வார்கள். பிராசஸரின் வெப்பமோ செல்சியஸில் காட்டப்படுகிறது. இதன் பயனாகச் சில இல்லங்களில் இவ்வாறு சம்பாஷணை நிகழும்:

“என்னடா, அனல் அடிக்குதே, எவ்வளவு காட்டுது?”

“அறுபத்தெட்டுதான்ப்பா.”

“அப்ப சரி.”

தந்தையின் 68 செல்சியஸில் 20 ஆகும். மைந்தனுடையது ஃபாரன்ஹீட்டில் 154-ஐத் தாண்டும். குடும்பத்தில் சமாதானம் நிலவுவதால் இதனை எவரும் திருத்தவேண்டியதில்லை.

கணினிக்கு வரும் வியாதிகளுள் குளிர்காலத்துக்கு உரியது நிலைமின் தாக்குதல். ஃபர்னஸ் காற்றை உலர்த்திவிட, கம்பளிக் காலுறையோடு கார்பெட்டில் நடந்துவந்து ரேமைத் தொடுகிறவர், தமக்கே தெரியாமல் அதைக் கொன்றுவிடக்கூடும். மனிதனுக்குச் சுரீரென்று உறைக்க ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். நுண்ணிய சில்லுக்கு அதிற் சிறு பகுதியே போதும். முதலில் கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது உத்தமம். மற்றபடி, பூட்டி முடித்தும் திரை இருண்டிருந்தால், தர்க்க சாஸ்திரம் கூறும் பிரமாணங்களுள் மூன்று இங்கே செல்லும். பிரத்தியட்சம்: எஸ்.எம்.பி.எஸ். பின்புறத்துச் சுவிட்சு போடப்பட்டிருக்கிறதா, மானிட்டர் ஒயர் கிராஃபிக்ஸ் கார்டை விட்டு மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. பெரும்பாலான வழக்குகள் இங்கேயே தீர்ந்துவிடும். அனுமானம்: மதர்போர்டு எழுப்பும் பீப் ஒலிகளை எண்ணிக் குற்றவாளியை ஊகிப்பது. சப்தம்: சென்னை ரிச்சி தெருவில் தொழில் கற்ற சித்தப்பாவுக்கு வாட்ஸாப்பில் விண்ணப்பிப்பது. அவர் எந்த வியாதிக்கும், “ரேமைக் கழட்டி அழிரப்பரால தேய்ச்சு மாட்டுப்பா” என்ற ஒரே சிகிச்சையைத்தான் சொல்வார், பெரும்பாலும் குணமாகும். பொன்முலாம் பூசிய அந்த முனைகளில் துரு ஏறுவது அரிதாகையால், கீர்த்தி ரப்பரைச் சேர்ந்ததன்று, கழற்றி மாட்டியதைச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம். சித்தப்பாவிடம் இதை வாதிடலாகாது.

ஆனி, ஆடி மாதங்களில் ஓவர்கிளாக் செய்கிறவருடைய நிலை வேறு. கணினி கக்கிய வெப்பத்தை ஏ.சி. வெளியே தள்ள, அவர் ஒரே மின்சாரத்துக்கு இருமுறை கப்பம் கட்டுகிறார். பிராசஸரும் நூறு டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அவர் கூட்டியதைக் கழித்துவிடுகிறது. அத்தகையவர் மெய்யாகவே வேகத்தை நாடுகிறவர் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். இவ்வாராய்ச்சிக்கு அவ்வகையில் அகப்பட்டவர் ஒருவரே. அவரும் டெக்ஸஸிலிருந்து மே மாதந்தான் குடிவந்தவர்.