சுண்ணாம்புக் கோடு

இலங்கையின் டிக்கோயாவில், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொரை பங்களாவுக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. அப்பா பங்களாத் தோட்டக்காரர். சனிக்கிழமை காலையில் கல் உருளையை இழுத்துப் புல்தரையைச் சமப்படுத்துவார். பிறகு கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போடுவார். ஒரு விரற்கடை விலகினாலும் அழித்துத் திரும்பப் போடுவார். சாயங்காலம் தொரைமார் ஆடுவார்கள், நான் பந்து பொறுக்குவேன். அப்போதெல்லாம் பந்து வெள்ளை நிறம். தேயிலைக்குள் விழுந்துவிட்டால், அட்டை கடிக்கக் கடிக்கச் செடி செடியாகக் குனிந்து தேடவேண்டும். மட்டையை மட்டும் தொடக்கூடாது.

1961 ஜூலையில் எனக்குப் பதினொரு வயது. கிளாக்கர் ஐயா படித்து முடித்த பேப்பரை அப்பா மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் காலிறுதியில் ராமநாதன் கிருஷ்ணன், ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று வென்றிருந்தார். "தென்காசிக்காரங்கடா. நம்ம ஆளு!" என்றார் அப்பா. தாத்தா கங்காணியோடு புறப்பட்டு வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான். 1948-ம் வருடச் சட்டம் எங்கள் குடியுரிமையைப் பறித்து, எந்த நாட்டிலும் சேர்க்காமல் விட்டிருந்த காலம் அது. 'நம்ம ஆளு' என்று சொல்லிக்கொள்ள ஒருவர் கிடைத்ததே அன்றைக்குப் பெரிது.

கிருஷ்ணனின் ஆட்டத்தில் முரட்டு அடி கிடையாது. எதிராளி இல்லாத இடமாகப் பார்த்துப் பந்தை வைப்பார். அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். அதற்கு முந்தைய வருடமும் அரையிறுதியில்தான், நீல் பிரேசரிடம். பின்னாளில் விஜய் அமிர்தராஜ் இரண்டு தடவையும், கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1986-லும் காலிறுதி வரை போனார்கள். ஒற்றையர் அரையிறுதியை இந்தியாவிலிருந்து வேறு எந்த ஆணும் இன்னும் தொடவில்லை.

2025 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தைப் பேரன் போனில் காட்டினான். அல்கராஸை சின்னர் வென்றார். பரிசு 30 லட்சம் பவுண். கிருஷ்ணன் ஆடிய நாளில் விம்பிள்டனில் பரிசுப் பணமே இல்லை. 1968-ல்தான் அது வந்தது என்றேன். அவன் நம்பவில்லை.

பழைய கோர்ட்டில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். பேரன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் டென்னிஸ் கோர்ட் கிடையாது. இத்தனை வருடம் கழித்தும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வலை கட்ட இடமில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை. மட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, அவன் சுண்ணாம்புக் கோடு போட்டான். ஒரு விரற்கடை விலகியிருந்தது. அழித்துத் திரும்பப் போடச் சொன்னேன்.