கஞ்சத்தனம் அறியாத கை

உங்கள் தாராளம் யாருக்கு வரும், ஓவியரே! பதினாறுக்குப் பதினாறு கட்டம், மொத்தமே 256 பிக்சல். அதற்குள் நிற்கும் உங்கள் விளையாட்டின் குட்டி வீரனுக்கு 40 வண்ணங்களை வாரி இறைத்திருக்கிறீர்கள். 1985இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' செய்தவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அன்றைய நின்டெண்டோ கருவியில் ஸ்பிரைட் எனும் நகரும் உருவத்தின் வண்ணத்தட்டு ஒன்றுக்கு மூன்று வண்ணம்தான்; நான்காவது, பின்னணி தெரிவதற்கான வெற்றிடம். மாரியோவின் தொப்பிக்கும் கால்சட்டைக்கும் ஒரு சிவப்பு. முகத்துக்கும் கைக்கும் பொத்தானுக்கும் ஒரே தோல்நிறம். முடி, மீசை, சட்டை, காலணி எல்லாம் ஒரே பழுப்பு. பாவம், ஒரு பழுப்பை நாலு இடத்தில் வேலை வாங்கினார்கள். உங்கள் வீரன் சட்டையிலோ பதினொரு பச்சைகள். ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாமல், எந்த வேலையும் இல்லாமல் சுகமாக இருக்கின்றன.

நிழலிடுவதில் நீங்கள் அதைவிட வள்ளல். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இடது மேல்மூலை என்று முடிவு செய்த பிறகு தாடைக்குக் கீழே, கையின் உள்பக்கம், கேடயத்தின் மறுபுறம் என்று நிழலைத் தேடிப் போவார்கள். நீங்கள் எந்தத் திசையின் மனத்தையும் நோகடிக்கவில்லை. ஓரமெல்லாம் இருட்டு, நடுவெல்லாம் வெளிச்சம். முகம், மார்பு, வாள் அத்தனையும் தலையணை போல ஒரே மாதிரி உப்பியிருக்கின்றன. இரும்பென்றும் துணியென்றும் சதையென்றும் பேதம் பாராட்டாத இந்தச் சமத்துவத்தை வேறெங்கும் காண முடியாது.

கொள்கைப் பிடிப்பும் உண்டு உங்களிடம். நிழல் வேண்டுமென்றால் அதே பச்சையில் கருப்பு, வெளிச்சம் வேண்டுமென்றால் அதே பச்சையில் வெள்ளை. நிழலை நீலத்தின் பக்கமும் வெளிச்சத்தை மஞ்சளின் பக்கமும் கொஞ்சம் நகர்த்துகிறவர்களின் பச்சையில் வெயில் அடிக்கிறது. அந்த ஆசைக்கெல்லாம் இடம்கொடுக்காத உறுதியான சேற்றுப் பச்சை உங்களுடையது.

விளையாடுகிறவர்கள்தான் கொடுத்துவைக்காதவர்கள். திரை முழுக்கப் பெரிதாக்கி நீங்கள் ரசித்த நுணுக்கமெல்லாம் ஆட்டத்தில் நகக்கண் அளவுதான். அதிலும் வீரன் புதரோரம் ஓடும்போது, அவன் பச்சையும் புதரின் பச்சையும் ஒன்றாகிவிடுகின்றன. தன் வீரனை எதிரியின் கண்ணில் படாமல் இவ்வளவு பத்திரமாகக் காத்தவர் யார்? விளையாடும் பிள்ளைக்குத்தான் அவன் எங்கே என்று தெரியவில்லை. பள்ளத்தில் விழுந்த சத்தம் கேட்ட பிறகு தேடுகிறாள்.