காதலித்த காரைக் கைப்பிடிக்கலாமா?

கே: நான் ஆறாவது படித்தபோது எங்கள் தெரு டாக்டரிடம் இள நீலத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. அதைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே காய்ச்சல் என்று பொய் சொல்லி அம்மாவை இழுத்துக்கொண்டு போவேன். இப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. சமீபத்தில் திருமுல்லைவாயலில் ஒரு வீட்டு ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில் அதே முகத்தைப் பார்த்தேன். அதே வண்டிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிறம் மட்டும் சிவப்பு. — வாசகர், அம்பத்தூர் ஓ.டி.

ப: ஐம்பது வருஷத்தில் டாக்டரின் தலைமுடியே நிறம் மாறியிருக்கும், காருக்கு என்ன! பெயின்ட் அடிப்பவர் வெளியே தெரிகிற இடத்தில்தான் கைவரிசையைக் காட்டுவார். டிக்கியின் உட்புறம், டாஷ்போர்டின் அடிப்பக்கம், கதவின் ரெக்ஸின் அட்டையைக் கழற்றினால் தெரியும் தகரம் என்று மூன்று இடங்களில் பாருங்கள். பிறந்த நிறம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து ஆர்.சி. புத்தகம். அட்டை வடிவம் வருவதற்கு முந்தைய அந்தப் பழைய புத்தகத்தில், வண்டி கைமாறிய வரலாறு பெயர் பெயராக எழுதி முத்திரை குத்தப்பட்டிருக்கும். அதில் டாக்டரின் பெயர் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் எண் வண்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று அவசியம் பாருங்கள். இன்ஜின் இடையில் மாறியிருக்கலாம். அதையும் புத்தகத்தில் ஏற்றியிருந்தால் கவலையில்லை. செல்போனில் எண்ணைத் தட்டிப் பார்த்து "விவரம் இல்லை" என்று வந்தால் மனம் உடையாதீர்கள். அந்தக் காலத்து வண்டிகள் பல இன்னும் கணினியில் ஏறவில்லை. பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே போக வேண்டியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் முதலில் வாசல் கதவைத் தட்டுங்கள். போனதும் விலை கேட்காதீர்கள். அந்த வண்டியை இத்தனை வருஷம் இரும்புக்கடைக்குப் போடாமல் வைத்திருந்த மனிதரிடம் டாக்டர் கதையைச் சொல்லுங்கள். பொய்க் காய்ச்சலையும் சேர்த்தே சொல்லுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் பணத்துக்கு மசிவதைவிடக் கதைக்குச் சீக்கிரம் மசிவார்கள்.

கே: ஹெரால்டு வெளிநாட்டு கார் என்கிறான் என் பேரன். நம்ம ஊர் கார் என்கிறேன் நான். பந்தயம் ஒரு பிளேட் பரோட்டா. யார் பக்கம் தீர்ப்பு? — வாசகர், ஆவடி

ப: பரோட்டா உங்களுக்கு, சால்னா பேரனுக்கு.

வரைந்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ஜியோவான்னி மிக்கெலாட்டி. 1959இல் அதை டிரையம்ப் ஹெரால்டு என்று வெளியிட்டது பிரிட்டனின் ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம். சால்னாவுக்கு இது போதும். 1961 முதல் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையில் உருவாக்கியது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தொழிற்சாலை இருந்தது வண்டலூரில். வருஷங்கள் போகப் போக அதன் பாகங்கள் ஒவ்வொன்றாக இங்கேயே தயாராயின. 1960களின் இறுதியில் வந்த நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. பிரிட்டனில் இருந்ததெல்லாம் இரண்டு கதவுதான். பட்டுப்புடவை கட்டிய பாட்டி முன் சீட்டை மடக்கிப் பின் சீட்டுக்குள் நுழைகிற கஷ்டம் இங்கிலாந்துக்காரருக்கு எங்கே புரியப்போகிறது? அந்தக் கதவுகளை வைத்தவர்கள் நம்மவர்கள்.

இதை மட்டும் சொல்லிப் பேரனை விட்டுவிடாதீர்கள். ஹூண்டாயும் ஃபோர்டும் வந்த பிறகுதான் சென்னை கார் செய்யக் கற்றுக்கொண்டது என்று ஒரு தலைமுறையே நம்பிக்கொண்டிருக்கிறது. 1903இலேயே மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனி ஒரு நீராவிக் காரைக் கட்டி ஓட்டிக் காட்டியது. சுதந்திரத்துக்கு அடுத்த வருஷம் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் எண்ணூரில் பூட்டியது லாரி அல்ல, ஆஸ்டின் ஏ40 கார். லேலண்டு அப்புறம் வந்து சேர்ந்தது. பேரனை ஒரு நாள் பாடி பக்கம் அழைத்துப் போங்கள். 1960களின் தொடக்கத்தில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாக அங்கே எழுந்தன. சக்கரம், பிரேக், செல்ஃப் மோட்டார் எல்லாம் ஒரே சாலையோரம். டயருக்கு அம்பத்தூரில் டன்லப். நீங்கள் பஸ்ஸில் "ஒரு டன்லப், ஒரு லூகாஸ்" என்று டிக்கெட் கேட்கும்போதெல்லாம் ஒரு காரின் பாகங்களைத்தான் உச்சரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கே: அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. மூவரில் அழகி யார்? — வாசகர், கொரட்டூர்

ப: அம்பாசடர் குடும்பத்துக்குப் பெரியவர், ஃபியட் கெட்டிக்காரி, ஹெரால்டு அழகி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கே: அப்பாவிடம் ஹெரால்டு இருந்தது. நாங்கள் ஐந்து பிள்ளைகளும் பின்னால் ஏறினால் பின் சக்கரங்கள் இரண்டும் காலை அகட்டிக்கொண்டு நிற்கும். தெருவே சிரிக்கும். வண்டியில் ஏதோ குறை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். குறையா? — வாசகி, பூந்தமல்லி

ப: குறை இல்லை அம்மா, அந்தக் காரின் பிறவிக் குணம். மற்ற கார்களில் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே ஆக்ஸில் பிடித்திருக்கும். ஹெரால்டில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஊஞ்சல் போல ஏறி இறங்கும், மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். பாரம் ஏறினால் சக்கரங்களின் அடிப்பக்கம் வெளியே அகலும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் உள்ளே மடங்கும். அந்தக் காலத்தில் அந்த விலைக்கு நான்கு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷனில் ஆடுகிற கார் இந்தியாவில் வேறு இல்லை.

ஆனால் நம் மெக்கானிக்குகள் பலருக்கு அது பிடிக்கவில்லை, வாங்குபவர்களுக்கும் பிடிக்கவில்லை. அதனால் 1970களில் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் ஸ்டாண்டர்டு கம்பெனி அதை எடுத்துவிட்டு வழக்கமான ஒற்றை ஆக்ஸிலைப் போட்டது. முன்முகத்தையும் மாற்றியது. இன்ஜின் மட்டும் அதே 948 சி.சி. ஓட்டுவதற்கு கெசல் அடக்கமான வண்டி. இருந்தாலும் அந்த ஊஞ்சலை இழந்த ஹெரால்டை என்னால் ஹெரால்டு என்று கூப்பிட முடியவில்லை. உங்கள் தெரு சிரித்ததே, அதில் பாதி பொறாமை.

கே: என் கணவர் ஓய்வு பெற்ற பணத்தில் பழைய ஹெரால்டு வாங்கப் போகிறேன் என்கிறார். முகப்பேரில் எங்கள் சந்து பதினைந்து அடி. திருப்பவே இடமில்லை என்கிறேன். கேட்கமாட்டேன் என்கிறார். — வாசகி, முகப்பேர்

ப: உங்கள் கணவர் சொல்லாத ஒரு பாயிண்டை நான் எடுத்துக் கொடுப்பதற்கு மன்னியுங்கள். ஹெரால்டு முழு வட்டம் அடிக்க 25 அடி போதும். லண்டன் டாக்ஸி திரும்புகிற அதே வட்டம். சந்துக்குள் முன்னும் பின்னும் எடுத்துத் திருப்புவதில் இன்றைய எந்த எஸ்.யூ.வி.யையும் அது வெட்கப்பட வைக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். வாங்குகிற விலையைப் போல இன்னொரு மடங்கைத் தனியே எடுத்து வைக்காமல் அவர் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. டிங்கரிங் பட்டறைக்குள் போன தகரம் எவ்வளவு கேட்கும் என்பதை, துருவைச் சுரண்டிப் பார்க்கும் வரை பட்டறைக்காரரே சொல்ல முடியாது.

கே: கடைசியில் வாங்கிவிட்டேன்! பதினெட்டு வருஷம் நின்ற வண்டி. பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணலாமா? — வாசகர், பட்டாபிராம்

ப: கையை எடுங்கள்! சாவியைப் பாக்கெட்டில் போடுங்கள். இப்போது படியுங்கள்.

பதினெட்டு வருஷம் கிடந்த பெட்ரோல் டேங்கில் வார்னிஷாகிப் போயிருக்கும். அது கார்புரேட்டருக்குள் போனால் ஜெட் அடைத்துக்கொள்ளும். டேங்கை இறக்கிக் கழுவுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வையுங்கள். காலையில் இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிரேக் சிலிண்டர்களின் ரப்பர் கப்புகள் செத்திருக்கும். எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய காரில் ஸ்டார்ட் ஆவதைவிட நிற்பது முக்கியம்.

அடுத்தது ஹெரால்டுக்கே உரிய ஆபத்து. தயவுசெய்து இதை மெக்கானிக்கிடம் வாசித்துக் காட்டுங்கள். முன் சக்கரம் திரும்புகிற இடத்தில் கீழே ட்ரன்னியன் என்ற ஒரு துண்டு இருக்கும். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, இ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரைக்குள் இறங்காது, உள்ளே வறண்டு தேய்ந்துகொண்டே போகும். ஒரு நாள் ஓடும்போதே உடைந்து சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிடும். இதே முன் சஸ்பென்ஷனின் பாகங்களை வாங்கித் தன் ஸ்போர்ட்ஸ் கார்களில் பூட்டியது லோட்டஸ் நிறுவனம். அருமையான அமைப்பு. எண்ணெய் ஒன்றுதான் கேட்கிறது.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் வண்டி பிறந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000ஆம் ஆண்டோடு அது நாடு முழுக்க நின்றுபோயிற்று. எனவே ஹெட் இறக்கும்போது கடினமான வால்வு சீட் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் வேகமாக ஓட்டினால் சீட் தேயும். இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப்பின் டயாஃப்ரமையும் தின்றுவிடும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாகப் போடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் விடுவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

பாகங்களுக்கு முதலில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அங்கே இல்லாதது பிரிட்டனில் இருக்கும், ஏனென்றால் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் சேசிஸிலிருந்து பிறந்தது. அதன் ரசிகர்களுக்காக இன்றும் அங்கே பாகங்கள் தயாராகின்றன. இரண்டிலும் இல்லையென்றால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நல்ல லேத்துக்காரரைப் பிடியுங்கள். மாதிரியைக் கையில் கொடுத்தால் மாலைக்குள் கடைந்து தருகிற விரல்கள் அங்கே இருக்கின்றன.

வேலை செய்வதற்கு ஹெரால்டு போல வசதியான கார் வேறு இல்லை. பானெட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். மெக்கானிக் டயர் மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு இன்ஜினோடு பேசலாம். பாடி முழுக்க போல்ட்டில் பூட்டியது. இதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்துகொடுத்த பிரிட்டிஷ் கம்பெனியைப் போட்டிக்காரர் விலைக்கு வாங்கிவிட, முழு பாடியைச் செய்து தர ஆளில்லாமல் போயிற்று. வேறு வழியின்றித் துண்டுதுண்டாகப் பல இடங்களில் செய்து தனி சேசிஸ் மேல் பூட்டினார்கள். அவர்களுக்கு வந்த நெருக்கடியால்தான் இன்று உங்களால் ஒரு துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி மாற்ற முடிகிறது.

கே: 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாமாமே? பழைய நம்பர் போய்விடுமா? — வாசகர், குமணன்சாவடி

ப: முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, பெரிதாக உருமாற்றாத வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்தால்தான் எண்ணில் 'வி.ஏ.' எழுத்து வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போக முடியாது.

ஓட்டுவதற்காக வாங்கியிருந்தால் சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, பசுமை வரி கட்டி வைத்திருங்கள். டெல்லி மாதிரி பதினைந்து வருஷம் ஆனால் வெளியே எடுக்கக் கூடாது என்ற கெடுபிடி இங்கே இல்லை. என் ஓட்டு இதற்குத்தான். ஹெரால்டு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோவிலுக்கும் கடற்கரைக்கும் போவதற்காகச் செய்த கார். வண்டி இறந்துபோன அப்பாவின் பெயரில் இருந்தால் முதலில் படிவம் 31 போட்டு வாரிசுப் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கே: வாங்க வசதியில்லை. பார்க்கவாவது எங்கே போவது? — வாசகர், திருநின்றவூர்

ப: பழைய கார்களுக்கு வடபழனியில் ஏவி.எம். ஹெரிடேஜ் மியூசியம், 2023இல் திறந்தது. கோவை போனால் அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் பேரணி நடத்தும் நாளில் கிளம்பும் இடத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கயிறு, கண்ணாடித் தடுப்பு எதுவும் இருக்காது. "இது எந்த வருஷ மாடல் சார்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை உள்ளே உட்கார வைத்துத்தான் பதில் சொல்வார்கள்.

செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் போகிற வேலை இருந்தால் சோழவரத்தையும் பாருங்கள். இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை இந்திய மோட்டார் பந்தயத்தின் தலைநகரம் சோழவரம்தான். அந்த ஓடுதளத்தில் ஹெரால்டுகள் சீறியிருக்கின்றன. இன்ஜினைத் திருகிக் கூர்தீட்டி, தேவையில்லாத கனத்தைக் கழற்றிப் போட்டு, டாக்டர்கள் ஓட்டிய அதே காரைப் பந்தயக்காரர்கள் விரட்டினார்கள். அன்று பந்தயம் பார்த்த பெரியவர்கள் உங்கள் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். டீக்கடையில் "ஹெரால்டு" என்று ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள். இரண்டு டீக்குச் சில்லறை எடுத்துப் போங்கள், பேச்சு நீளும்.