கிடந்த கோலம், நின்ற கோலம்

வேலை சென்னையில், வீடு அரக்கோணத்தில் என்று சொன்னதும் கேட்பவர் ஒரு ‘ச்சு’ கொட்டுவார். 69 கிலோமீட்டர் என்றால் இன்னொரு ‘ச்சு’. அப்புறம் அறிவுரை ஆரம்பமாகும். “போக வர நாலு மணி நேரமா! அதை வீணாக்காதீங்க. புத்தகம் படிக்கலாம், தியானம் பண்ணலாம், புதுசா ஒரு மொழி கத்துக்கலாம்.” இதைச் சொல்பவர் ஆபீசுக்கு அடுத்த தெருவில் குடியிருப்பார்; இல்லாவிட்டால் ரிட்டையர் ஆகியிருப்பார். ஆவடிக்கு மேல் மின்சார ரயிலில் தூக்கிய கையை இறக்க இடம் கிடைக்காது. வில்லிவாக்கம் வரை அது மேலேயேதான் இருக்கும். அந்தக் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் பக்கத்தை யார் புரட்டுவது?

மொழி விஷயம் மட்டும் பலித்தது. திருத்தணியிலிருந்து வரும் வண்டியில் ஜன்னலோரத்துக்காகச் சண்டை போடத் தேவையான தெலுங்கு எனக்கு இப்போது சரளம்.

எங்கள் தடம் லேசுப்பட்டதல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் போனது இந்த வழியாகத்தான். கவர்னர் ஹாரிஸ் பிரபு தொடங்கிவைத்தார். அன்றைக்கு ஏறிய எல்லோருக்கும் உட்கார இடம் கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன். அதற்குப் பிறகு அப்படி ஒரு சேதி என் காதில் விழவில்லை.

புண்ணியத்துக்கும் குறைவில்லை. அரக்கோணத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் திருவாலங்காடு. கயிலைக்குத் தலையாலேயே நடந்து போன காரைக்கால் அம்மையார், இறைவன் சொன்னபடி வந்து தங்கி அவன் ஆட்டத்தைக் கண்ட ஊர். அதைவிடக் கஷ்டமான பயணம் தமிழில் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மையார் போனது ஒரு தடவைதான். கயிலை வாசலில் கைரேகை மெஷினும் இல்லை.

வழியில் இருக்கும் திருநின்றவூரோ பூசலார் நாயனாரின் ஊர். கோயில் கட்டக் கையில் காசில்லை; மனசுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்துவிட்டார். காஞ்சியில் நிஜக் கல்லில் கட்டிய பல்லவ ராஜாவும் அதே நாளைக் குறித்திருந்தார். சிவபெருமான் அவர் கனவில் போய், ‘அன்றைக்கு எனக்குத் திருநின்றவூரில் வேலை இருக்கிறது, நீ தள்ளிவைத்துக்கொள்’ என்றாராம். பூசலார் பரம்பரை எங்கள் வண்டியில் இன்றும் தழைத்து வருகிறது. எனக்கே பெரம்பூரில் ஒரு வீடு உண்டு. கிழக்குப் பார்த்த வாசல், இரண்டு படுக்கையறை, ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். வேப்பம்பட்டில் அஸ்திவாரம் தோண்டினால் அம்பத்தூரில் கூரை, கொரட்டூரில் பெயிண்ட். கிரகப்பிரவேசத்துக்குப் பால் பொங்கும் நேரம் பார்த்து நிஜமான பெரம்பூர் வந்துவிடும். அங்கே மனை விற்கிற விலை ஞாபகம் வந்ததும் வீடு இடிந்து விழும். மறுநாள் மறுபடியும் வேப்பம்பட்டு. கடவுள் போய்ச் சொல்ல வேண்டிய கனவு இந்தக் காலத்தில் ராஜாவுடையது அல்ல, வங்கி மேனேஜருடையது. அவர் நன்றாகத் தூங்குகிறார் போலிருக்கிறது.

திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கிடந்த கோலம். திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாள் நின்ற கோலம். வண்டிக்குள்ளும் அதே முறைதான். அரக்கோணத்தில் ஏறியவர்கள் திருவள்ளூர் வருவதற்குள் ஜன்னலில் சாய்ந்து கிடப்பார்கள். திருநின்றவூரில் ஏறுகிறவர்கள் நிற்பார்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஏறுகிறவர்களுக்கு ஒரு கால்தான் தரையில் இருக்கும். இன்னொன்று எங்கே என்று அவர்களுக்கே தெரியாது. ஆலங்காட்டு நடராஜரின் ஊர்த்துவ தாண்டவம் ஓரளவுக்குக் கிட்டே வரும். இதில் வேடிக்கை, அப்படி ஒற்றைக்காலில் நின்றுகொண்டு நாங்கள் கடந்து போவது ஐ.சி.எஃப். தொழிற்சாலையை. 1955இலிருந்து பெட்டி பெட்டியாகச் செய்து தள்ளும் இடம். வந்தே பாரத் பிறந்ததும் அங்கேதான்.

ஆடிக் கிருத்திகையன்று மட்டும் கணக்கெல்லாம் மாறிவிடும். பெட்டி முழுக்கக் காவடியும், சந்தனம் தடவிய மொட்டைத் தலைகளுமாக இருக்கும். அன்றைக்கு யாரும் இடத்துக்குச் சண்டை போடுவதில்லை. முருகன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற பயம்.

நான் போவது லேடீஸ் கம்பார்ட்மெண்டில். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. ஏறுகிற ஊர்தான் பெயர். போனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன். ஒரு நாள் ராத்திரி என் போனை எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் ஆடிப்போய்விட்டார். ‘மணவூருக்குப் பேத்தி பிறந்திருக்கு’, ‘மோசூர் சீட்டுப் பணம் இன்னும் தரலை’, ‘கடம்பத்தூருக்கும் திருவள்ளூருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, நடுவில் உட்கார வேண்டாம்’. ஏதோ ரகசிய இலாகாவில் வேலை பார்க்கிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். நானும் தெளிவுபடுத்தவில்லை. வீட்டில் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது.

மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது ஆள் என்பது எங்கள் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு. “அக்கா, கொஞ்சம் தள்ளுங்க” என்றால் தள்ள வேண்டும். ‘இடமில்லை’ என்று சொல்லக் கூடாது. இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாலாவது ஆளுக்குப் பாதி உடம்புதான் பெஞ்சில். மீதி காற்றில் இருக்கும். அந்தப் பாதியோடு அவர் தூங்கவும் செய்வார்.

சாயங்கால வண்டியில் ஆவடி தாண்டிக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்ததும் மடிகளில் செய்தித்தாள் விரியும். படிக்க அல்ல. தலையங்கத்தின் மேல் வெந்தயக்கீரை, விளையாட்டுப் பக்கத்தில் பூண்டுத் தோல். அடுத்த நாள் சமையலில் பாதி திருவள்ளூருக்குள் முடிந்துவிடும். கீரை ஆயத் தெரியாத கல்லூரிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், அவள் இறங்குவதற்குள் தெரிந்தவளாகிவிடுவாள். கூலி ஒரு கொய்யாத் துண்டு.

வீட்டில் இருந்தால் வீடு கூப்பிடும். ஆபீசில் இருந்தால் ஆபீஸ் கூப்பிடும். இரண்டுக்கும் நடுவில், சிக்னல் சரியாகக் கிடைக்காத மணவூர்ப் பக்கம் யாரும் என்னைக் கூப்பிட முடியாது. இதைச் சொன்னால் ‘ச்சு’ கொட்டுகிறவர்களுக்குப் பிடிப்பதில்லை. நான் கஷ்டப்படுவதாகத்தான் அவர்களுக்கு இருக்க வேண்டும்.

தூக்கத்தைப் பற்றியும் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ரயில் தூக்கம் கற்றுத் தேர வேண்டிய கலை. பக்கத்துத் தோளில் தலை சாயலாம், வாய் திறக்கக் கூடாது. பெரம்பூரில் யாரும் எழுப்பாமல் விழிப்பு வர வேண்டும். இதில் தேறியபின் ஒரு கஷ்டம்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டிலில் படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. கட்டில் ஆடுவதில்லை.

எல்லாம் தாண்டி வந்து கடைசி இரண்டு கிலோமீட்டரில் பேசின் பிரிட்ஜ். மேற்கே எங்கள் தடம், வடக்கே கும்மிடிப்பூண்டித் தடம், பக்கத்தில் எக்ஸ்பிரஸ் வண்டிகளைக் கழுவும் யார்டு. எல்லாத் தண்டவாளமும் அங்கே ஒரே வாசலுக்குள் நுழையப் பார்க்கும். யாராவது நிற்கத்தான் வேண்டும், அது நாங்கள். சிலர் குதித்துத் தண்டவாளத்தில் நடக்கத் தொடங்குவார்கள். அந்தப் பைத்தியக்காரத்தனத்தை நான் செய்வதில்லை. கைரேகை வைக்க விரலாவது மிஞ்ச வேண்டும். “பேசின் பிரிட்ஜில் சிக்னல் விழலை சார்” என்று நாங்கள் சொல்லிச் சொல்லி எங்கள் ஆபீசில் அது சட்டபூர்வமான காரணமாகவே ஆகிவிட்டது. போன மாசம் திருவல்லிக்கேணியிலிருந்து நடந்து வருகிற ஒருத்தர் லேட்டாக வந்து அதையே சொன்னார். மேனேஜரும் தலையாட்டிவிட்டார்.

ஸ்டேஷன் பெயர் 2019இல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம் என்று நீண்டது. மூன்று மொழியிலும் அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் நான் படியேறிப் பாதி தூரம் போயிருப்பேன். அன்றாடம் வருகிறவர்களுக்கு அது இன்னும் ‘சென்ட்ரல்’தான்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்றைக்காவது நீங்கள் எங்கள் வண்டியில் திருநின்றவூரில் ஏறலாம். ஜன்னலோரம் ஒரு பெண் வாயை மூடி ஒழுங்காகத் தூங்கிக்கொண்டிருப்பாள். “இது பீச் வண்டியா, சென்ட்ரல் வண்டியா?” என்று கேட்டு அவளை எழுப்பாதீர்கள். வண்டியின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது.