கைமாறிய ஓட்டலில் சாம்பார் திரிதல்: செம்பூரை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

பேட்டையில் நெடுங்காலமாக நடந்துவரும் ஓட்டல் வேறு ஆள் கைக்குப் போனால், மறுநாள் காலையே அதன் சாம்பார் ருசி கெட்டுவிடும். பம்பாயின் செம்பூரில் வாழும் தமிழர்கள் கட்சி பேதமின்றி, வடகலை தென்கலை பேதமின்றி ஒப்புக்கொண்ட உண்மை இது. மாஸ்டர் அதே மாஸ்டர், பருப்பு அதே கடைப் பருப்பு, குழாயில் வருவதும் அதே முனிசிபாலிட்டித் தண்ணீர் என்று யாராவது எதிர்வாதம் செய்தால், அவர் புது முதலாளிக்கு வேண்டியவர் என்று தீர்ப்பாகிவிடும். இத்தனை பரவலான நம்பிக்கையை வைத்து இதுவரை யாரும் முனைவர் பட்டம் வாங்காதது வியப்புக்குரியது. பள்ளு நூல்களில் வரும் மாட்டு வகைகளுக்குக் கிடைத்த மரியாதை சாம்பாருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுவது ஆய்வு மரபு: முதலாளி மாறினால் சாம்பார் மாறும். இந்தக் கருதுகோள் போகப்போக என்ன பாடுபடுகிறது என்பதை வாசகர் காண்பார்.

ஆய்வு எல்லை

பம்பாயின் இன்னொரு பேட்டையான மாட்டுங்கா இந்த ஆய்வுக்குள் வராது. அங்கே தக்க மாதிரி கிடைக்கவில்லை. 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸும் 1942-இல் ஏ. ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கும் குடும்பத்துக்குள்ளேயே இருந்துவருகின்றன. அப்பா உட்கார்ந்த இடத்தில் மகன், மகன் உட்கார்ந்த இடத்தில் பேரன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்துக்கிடக்கும் கூட்டத்துக்கு முதலாளி யார் என்ற கவலையே கிடையாது.

செம்பூர் அப்படியல்ல. அது கைமாறிப் பழகிய ஊர். பிரிவினைக்குப் பின் வந்த சிந்தி அகதிகளுக்கு இங்கே முகாம் போட்டார்கள். ராஜ் கபூர் 1948-இல் ஆர்.கே. ஸ்டுடியோ தொடங்கினார். ஐம்பதுகளின் நடுவில் மாஹுல் பக்கம் எஸ்ஸோவின் முன்னோடிக் கம்பெனியும் பர்மா ஷெல்லும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை எழுப்பின. இவற்றில் எது முதல் கையிலேயே இருக்கிறது? எஸ்ஸோ 1974-இல் ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆயிற்று. பர்மா ஷெல்லை 1976-இல் அரசு எடுத்துக்கொள்ள, அது பின்னர் பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. மறுநாள் ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போட்டவர்கள் யாரும் 'பழைய பதம் இல்லை' என்று திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. காற்றில் வந்த வாடைகூட அதே வாடைதான். ஆர்.கே. ஸ்டுடியோ 2017-இல் தீயில் கருகி, 2019-இல் கோத்ரெஜ் கைக்குப் போனபோது ஊர் ஒரு பெருமூச்சோடு நிறுத்திக்கொண்டது.

ஆக, கைமாற்றம் செம்பூருக்குப் புதிதல்ல. பெட்ரோலில் பதறாத ஊர் சாம்பாரில் மட்டும் ஏன் பதறுகிறது என்பதே கேள்வி.

நன்னூல் வழிப் பகுப்பு

இதை விளக்க மேலைநாட்டு நிர்வாகவியலைத் தேடி ஓட வேண்டாம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் போதும். பழைய முதலாளி நிலைமொழி, புதியவர் வருமொழி. இரண்டும் சேருமிடத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அது இயல்புப் புணர்ச்சி. மேலே கண்ட மாட்டுங்கா உதாரணம் அந்த வகை. மாற்றம் வந்தால் விகாரப் புணர்ச்சி. அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று.

தோன்றல் எளிது, கண்ணில் படும். மெனு அட்டைக்கு பிளாஸ்டிக் உறை தோன்றும். ஷெஸ்வான் தோசை தோன்றும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சைனீஸ், பாவ் பாஜி, பன்னீர் வகையறா தோன்றும். பின்கட்டில் ஏ.சி. ஹால் தோன்றி, அதே இட்லிக்கு அங்கே இன்னொரு விலை தோன்றும். உச்சகட்டத் தோன்றல் பெர்மிட் ரூம். 'ஃபேமிலி ரெஸ்டாரண்ட் அண்ட் பார்' என்று போர்டு ஏறிய ஓட்டலுக்குள் செம்பூர் செட்டா நகர் மாமிகள் காலடி வைத்து இந்த ஆய்வாளர் கண்டதில்லை. ஃபேமிலி என்று போர்டில் எழுதியதும் ஃபேமிலிகள் வராமல் போய்விடும் இந்த விதியை பவணந்தியார் எதிர்பார்த்திருக்க முடியாது.

கெடுதலில் போகும் பொருள்கள்: பளிங்கு மேஜை, டபரா, கல்லாவுக்கு மேலே தொங்கிய முதல் முதலாளியின் படம், நம்மைக் கண்டதுமே உள்ளே பார்த்து 'ஒரு ஸ்ட்ராங்' என்று குரல் கொடுக்கும் சப்ளையர், கேட்காமலே வந்துகொண்டிருந்த இரண்டாவது கிண்ணச் சாம்பார். கடைசியாகச் சொன்னதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

திரிதல்தான் சிக்கலானது. பம்பாய் ஓட்டல் சாம்பார் பிறப்பால் உடுப்பி. தேங்காய் அரைத்து விட்டு, வெல்லம் கிள்ளிப் போட்டுக் கொதிக்கவிடுவது. பாலக்காட்டு நாக்கு, தஞ்சாவூர் நாக்கு, திருநெல்வேலி நாக்கு மூன்றும் செம்பூருக்கு வந்த புதிதில் இதன் தித்திப்பைக் கண்டு முகம் சுளித்தன. பிறகு பழகிக்கொண்டன. பிறகு அதுதான் சாம்பார் என்று ஊருக்குப் போன இடத்தில் சண்டை போட்டன. ஆனால் முதலாளி மாறிய செய்தி காதில் விழுந்ததும் வரும் முதல் குற்றச்சாட்டு, 'வெல்லம் கூடிப்போச்சு' என்பதுதான். வெல்லம் முதல் நாளிலிருந்தே இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினால், 'இருந்தது ஓய், ஆனா இப்படி இருக்கலை' என்ற விடை கிடைக்கும். ஆய்வுலகில் இதற்கு மறுப்பு கிடையாது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. சாம்பாரே தஞ்சாவூர் மராட்டிய அரண்மனைச் சமையற்கட்டில் பிறந்தது என்றொரு கதை உண்டு. ஆவணம் எதையும் யாரும் காட்டியதில்லை, ஆனாலும் நல்ல கதை. அதை நம்பினால் தமிழர்கள் சாம்பாரின் இரண்டாவது முதலாளிகள்தான். மராட்டியர்கள் அன்றே 'பழைய ருசி இல்லை' என்று முணுமுணுத்திருக்கக்கூடும். செம்பூரில் அது தாய்வீடு திரும்பியிருக்கிறது என்றும் கொள்ளலாம்.

கண்டக்டிங் என்னும் மாயை

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். பம்பாயில் ஓட்டல் கைமாறுவது வேறெந்த ஊரையும்போல நடப்பதில்லை. 1947-ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டப்படி வாடகைதாரர், கட்டட உரிமையாளரின் சம்மதமின்றி இடத்தை உள்வாடகைக்கு விட முடியாது. இடத்தைத்தானே விடக்கூடாது? தொழிலை விடலாமே? இப்படிப் பிறந்ததுதான் கண்டக்டிங். லைசென்ஸ் பழைய பெயரில் இருக்கும், போர்டு பழைய பெயரில் தொங்கும். உள்ளே ஓட்டலை நடத்துகிறவர் வேறொருவர். மாதாமாதம் ஒரு தொகையைப் பழையவருக்குக் கட்டிவிட்டு, லாப நஷ்டத்தைத் தானே பார்த்துக்கொள்வார். வெளியே யாராவது கேட்டால் அவர் மேனேஜர். 1999-இல் புது வாடகைச் சட்டம் வந்தது. பழக்கம் போகவில்லை.

விளைவு என்ன? ஓட்டல் கைமாறிப் பல காலம் ஆகியும் பேட்டைக்குத் தெரியாமலே இருக்க வாய்ப்பிருக்கிறது. ஆய்வாளனுக்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் அமையாது.

களஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஓட்டலின் பெயரை ஆய்வு அறம் கருதி மறைக்கிறேன். 'க' என்று வைத்துக்கொள்வோம். 'க'வை அதன் நிறுவனர் கண்டக்டிங்கில் விட்டுவிட்டு மங்களூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். அது தெரியாமல் தகவலாளிகள் இருவர் தினமும் காலையில் நடைப்பயிற்சி முடித்து அங்கே இட்லி சாப்பிட்டு வந்தார்கள். ஒருவர் உரக் கம்பெனி ஓய்வு, மற்றவர் ரயில்வே ஓய்வு. அக்காலத்தில் இருவரும் தந்த வாக்குமூலம்: 'செம்பூர்ல எது போனாலும் இந்த சாம்பார் மட்டும் அப்படியே இருக்கு.' பிறகொரு நாள் மேனேஜர் வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை உரையாடல்:

"என்ன ஓய், சாம்பார் ஒரு மாதிரி இருக்கே?"

"நான் அன்னிக்கே சொன்னேனே."

"என்னிக்கு?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

அடுப்படியில் அன்றைக்கு எதுவும் மாறவில்லை. தோசைக்கல்லின் முன் நின்றவர் முந்தைய நாளும் அங்கேயே நின்றவர்தான். 'மனசுக்குள்ள சொன்னேன்' என்ற சான்றை ஏற்பதா வேண்டாமா என்று அளவைநூல்களைப் புரட்டிப் பார்த்தேன். காட்சியிலும் சேரவில்லை, கருதலிலும் சேரவில்லை. ஆகமத்தில் சேர்க்கலாம்: பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆகவே கருதுகோளைத் திருத்த வேண்டியதாயிற்று. முதலாளி மாறிய நாளில் சாம்பார் மாறுவதில்லை. முதலாளி மாறினார் என்று நமக்குத் தெரிந்த நாளில் மாறுகிறது.

பிரெஞ்சுச் சான்றுகள்

உள்ளூர் ஆதாரத்தை மட்டும் வைத்து எழுதினால் தேர்வாளர்கள் மதிப்பதில்லை என்பதால் பிரான்சுக்கும் போய் வருவோம். போர்தோ பல்கலைக்கழகத்தில் மது ருசிக்கலை பயிலும் 54 மாணவர்களிடம் வெள்ளை மது ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு அதே வெள்ளை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். சாயம் கலந்ததை மாணவர்கள் சிவப்பு மதுவுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். 2001-இல் வெளியான ஆய்வு இது. ருசி பார்ப்பதையே பாடமாகப் படித்தவர்கள் கதி இது என்றால், உரக் கம்பெனியிலும் ரயில்வேயிலும் பணிபுரிந்தவர்களைக் குறை சொல்ல நமக்கென்ன யோக்கியதை?

பாரிசில் 1893-இல் தொடங்கிய மாக்சீம் ரெஸ்டாரண்டை 1981-இல் பியேர் கார்தான் வாங்கினார். அவர் தையல்கலைஞர். உலகமே அறிந்தவர் என்றாலும் தையல்கலைஞர்தான். அதே 1981-இல் சென்னை கே.கே. நகரில் மளிகைக்கடைக்காரர் ஒருவர் காமாட்சி பவன் என்ற தள்ளாடும் ஓட்டலை எடுத்து சரவண பவன் ஆக்கினார். ஒரே ஆண்டில் துணிக்காரர் கையில் ஒன்று, மளிகைக்காரர் கையில் ஒன்று. மாக்சீமுக்குப் போனவர்கள் பழைய பெருமையைத் தேடினார்கள். கே.கே. நகரில் காமாட்சி பவனின் பழைய சாம்பாரைத் தேடி யாரும் அழுததாகக் கேள்விப்பட்டதில்லை. பழைய சாம்பார் மோசமாக இருந்திருந்தால் மட்டுமே புது முதலாளிக்கு விமோசனம் என்ற துணைவிதி இதிலிருந்து கிடைக்கிறது.

எதிர்ச்சான்று

நேர்மையான ஆய்வாளன் எதிர்ச்சான்றை மறைக்கக் கூடாது. இந்தியா காபி ஹவுஸின் முதல் கடை 1936-இல் பம்பாய் சர்ச்கேட்டில் திறந்தது. பின்னாளில் காபி ஹவுஸ்களை நடத்திவந்த காபி போர்டு, கடைகளை மூட முடிவெடுத்தபோது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று உதவ, தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து 1957 முதல் கடைகளை எடுத்துக்கொண்டார்கள். கைமாறியது ஊருக்கே தெரியும். பத்திரிகையிலும் வந்தது. ஆனாலும் காபி மாறிவிட்டது என்ற கூக்குரல் இல்லை. நேற்று முண்டாசு கட்டிக்கொண்டு காபி கொண்டுவந்து வைத்தவரே இன்று முதலாளி. அவர் முகம் மாறவில்லை, நம்மைத் தெரிந்துகொண்டு அவர் தலையசைப்பதும் மாறவில்லை. காபியின் ருசியில் தலையசைப்பு எத்தனை பங்கு என்பது தனி ஆய்வுக்குரியது. எவரேனும் எடுத்துச் செய்தால் 'க' ஓட்டல் மேஜை ஒன்றை ஒழித்துத் தருகிறேன்.

காலம் பற்றி ஒரு சொல்

புது முதலாளி மேல் விழும் இந்தச் சாபம் நிரந்தரமல்ல என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பம்பாயின் மூலைக்கடை ஒன்றைக் கீழடிபோலத் தோண்டினால் அடியில் இரானி டீக்கடை, அதற்கு மேல் உடுப்பி, அதற்கு மேல் பார், உச்சியில் மொபைல் கடை என்று அடுக்குகள் கிடைக்கும். உடுப்பிக்காரர் வந்தபோது இரானி டீயை நினைத்து ஏங்கினார்கள். பார் வந்தபோது உடுப்பியை நினைத்து ஏங்கினார்கள். இன்று கல்லாவில் உட்கார்ந்து திட்டு வாங்கும் புது முதலாளியும், அடுத்தவர் வந்ததும் 'அவர் காலத்துச் சாம்பார்' என்று கொண்டாடப்படுவார். அதற்கு அவர் ஓட்டலை விற்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

முடிவுரை

சாம்பார் மாறுவதில்லை என்று நிறுவியாயிற்று. தகவலாளிகளிடம் இம்முடிவைப் படித்துக் காட்டினேன். 'உமக்கும் அவனுக்கும் என்ன உறவு?' என்று கேட்டார்கள்.

எனவே புது முதலாளிகளுக்கு மட்டும் சில பரிந்துரைகள். ஓட்டலை வாங்கினால் வெளியே சொல்லாதீர்கள். 'புதிய நிர்வாகத்தில்' என்று பேனர் கட்டாதீர்கள். பழைய முதலாளி ஊரில் இருந்தால் காலையில் ஒரு மணி நேரம் நெற்றிச் சந்தனத்தோடு கல்லாவில் உட்கார வையுங்கள். அவர் சில்லறை எண்ணினால் போதும். ஷெஸ்வான் தோசை போடுவதென்றால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டாவது கிண்ணச் சாம்பாருக்கு பில்லில் தனியாகக் காசு எழுதாதீர்கள். இந்த ஆய்வு முழுவதிலும் சாம்பார் விஷயத்தில் கண்ணால் கண்டு உறுதிசெய்ய முடிந்த ஒரே மாற்றம் அதுதான்.