பாய் போதும், பளு வேண்டாம்

முதுகுவலி கேள்வி-பதில்

இந்த வாரத் தபாலில் பாதி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதியவை. பதில்கள் எல்லாவற்றுக்கும் தேவையான கருவி ஒரு பாய் மட்டுமே.

கல்லூரி மாணவர், கோவை: டம்பெல், பார்பெல் எதுவும் இல்லாமல் தசை பலப்படும் என்பதை எப்படி நம்புவது?

எடை இல்லை என்று யார் சொன்னது? நீங்களே அறுபது கிலோ இருப்பீர்களே! மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களை ஊன்றி, இடுப்பை மெல்லத் தூக்குங்கள். 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். இப்படி 10 முறை. எடை இருந்ததா இல்லையா என்று பத்தாவது முறை உங்கள் தொடையும் பிட்டமுமே சொல்லிவிடும். அவை இரண்டும் வலுத்தால் முதுகு தனியாளாகச் சுமப்பது குறையும்.

தையல் தொழிலாளி, ஈரோடு: முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஆகிறது. ஒரு வாரம் எழுந்திருக்கவே கூடாது என்கிறார் மாமியார்.

படுக்கச் சொல்வது பாசம். அதற்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு எழுந்து நடங்கள். 1986-ல் அமெரிக்காவில் முதுகுவலிக்காரர்களில் ஒரு சாராரை 2 நாள், இன்னொரு சாராரை 7 நாள் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். குணமானதில் வித்தியாசம் இல்லை. ஆனால் 2 நாள் படுத்தவர்கள் இழந்த வேலை நாட்கள் 45 சதவீதம் குறைவு. 1995-ல் பின்லாந்தில் மூன்று அணிகள்: படுத்திருந்தவர்கள், பயிற்சி செய்தவர்கள், வலி விட்ட அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்கள். முதலில் தேறியது மூன்றாவது அணி. ஆகவே முதல் சில நாட்களுக்கு நடமாட்டம்தான் உங்கள் பயிற்சி. மிஷினில் உட்கார்ந்தாலும் ஒரு ஜாக்கெட் முடிந்ததும் எழுந்து நாலடி நடந்துவிட்டு வாருங்கள்.

வங்கி ஊழியர், மதுரை: ஆளுக்கொரு பயிற்சி சொல்கிறார்கள். மூன்றே மூன்று சொல்லுங்களேன்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் தேர்ந்தெடுத்ததும் மூன்றுதான்.

ஒன்று: மல்லாந்து படுத்து ஒரு காலை நீட்டி, மற்றதை மடக்குங்கள். இரு கைகளையும் இடுப்பு வளைவுக்கு அடியில் கொடுத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து இம்மியளவு உயர்த்துங்கள். தலைக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். கழுத்து மடங்க வேண்டாம்.

இரண்டு: ஒருக்களித்துப் படுத்து, முழங்கையையும் மடக்கிய முழங்காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்துங்கள். பிறகு மறுபக்கம்.

மூன்று: குழந்தை தவழ்வதுபோல் நின்று, வலது கையை முன்னும் இடது காலைப் பின்னும் நீட்டுங்கள். முதுகின்மேல் ஒரு டம்ளர் காபி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிந்தக் கூடாது! அடுத்து இடது கை, வலது கால்.

ஒவ்வொன்றையும் 10 விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். முதலில் 6 முறை, சற்று ஓய்வு, 4 முறை, மறுபடி ஓய்வு, கடைசியில் 2 முறை. களைப்பு ஏற ஏற எண்ணிக்கை இறங்குவதால், கடைசி முறையும் ஒழுங்காக வரும்.

ஆசிரியர், திண்டுக்கல்: வலி காலுக்கு இறங்குகிறது. குப்புறப் படுத்துப் பார் என்கிறார் நண்பர். முதுகு கெட்டுவிடாதா?

1956, நியூசிலாந்தின் வெலிங்டன். ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், கால்வலியோடு வந்தவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். மேசையின் தலைப்பக்கம் உயர்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. திரும்பி வந்தால் அந்த மனிதர் முதுகு பின்னுக்கு வளைந்து கிடக்கிறார். பதறிப்போய் விசாரித்தால், கால்வலி போய்விட்டது என்கிறார்! மெக்கென்சி முறை அங்கேதான் பிறந்தது.

நீங்களும் முதலில் இரண்டு நிமிடம் சும்மா குப்புறப் படுங்கள். பிறகு முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்துங்கள். பழகியதும் உள்ளங்கைகளால் தள்ளி எழும்புங்கள். இடுப்பு தரையிலேயே இருக்கட்டும். வலி காலைக் காலி செய்துவிட்டு இடுப்புக்கு ஏறினால் சரியான வழியில் போகிறீர்கள். கெண்டைக்கால் பக்கம் இன்னும் இறங்கினால் அந்த நொடியே நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். எல்லா முதுகுக்கும் இந்த வளைவு ஒத்துவராது.

இல்லத்தரசி, கும்பகோணம்: விடிந்ததும் கோலம் போடக் குனிந்தால் பிடித்துக்கொள்கிறது. மாலையில் அதே குனிவு வலிப்பதில்லையே?

அருமையான கவனிப்பு. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வுகள் இரவெல்லாம் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகமாக உயர்ந்திருப்பது அதனால்தான். உப்பிய ஜவ்வோடு குனிந்தால் அழுத்தம் கூடும். எழுந்ததும் பால் காய்ச்சுவது, காபி கலப்பது என்று நின்று செய்யும் வேலைகளை முடித்துவிட்டு, அரை மணி கழித்து வாசலுக்குப் போங்கள். புள்ளிகள் எங்கும் ஓடிவிடாது.

பேருந்து ஓட்டுநர், விழுப்புரம்: இடுப்பு பெல்ட் வாங்கலாமா?

நாள்பட்ட முதுகுவலிக்கு பெல்ட்டைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். உங்கள் வயிற்றுத் தசையே பிறவியில் கட்டிவிட்ட பெல்ட். அதற்கு மேலே சொன்ன மூன்று பயிற்சிகள் போதும். வண்டி நின்றதும் இறங்கி, இடுப்பில் கை வைத்து ஐந்தாறு முறை மெல்லப் பின்னுக்கு வளையுங்கள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்: ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறதாம். தூக்கமே வரவில்லை.

தூங்குங்கள் ஐயா. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு பிதுங்கியிருந்தது. நரையைப் பார்த்துவிட்டு யாரும் தலைவலி மாத்திரை போடுவதில்லையே! ஸ்கேனையும் உங்கள் உடம்பையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

செவிலியர், தஞ்சாவூர்: எப்போது பயிற்சியை மறந்துவிட்டு ஓட வேண்டும்?

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, சிறுநீர் இறங்காமல் நின்றாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்து வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. நாளைக் காலை வரைகூடக் காத்திருக்காதீர்கள். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாத எடைக்குறைவு, கீழே விழுந்த பிறகு வந்த வலி, புற்றுநோய் வந்து போனவருக்கு வரும் புது வலி ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

மளிகைக் கடைக்காரர், சேலம்: வலி போய்விட்டது. பயிற்சியை விட்டுவிடலாமா?

ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர நடுவளவில் 208 நாள் ஆனது. நடைத்திட்டம் கொடுக்கப்படாதவர்களுக்கு 112 நாள்தான். செலவு ஒரு ஜோடி செருப்பு.

பல்வலி போன மறுநாள் யாராவது பல் துலக்குவதை நிறுத்துகிறார்களா? பாயைச் சுருட்டி மூலையில் வையுங்கள், பரணில் ஏற்றிவிடாதீர்கள்.